துடைத்து வைத்த ஹோஷிகுரே

கிஜிமாவுக்கு விண்வெளிச் சண்டை வீடியோ விளையாட்டு ஒத்துக்கொள்ளாது. திரையில் நட்சத்திரங்கள் மேலிருந்து கீழே ஓட ஆரம்பித்தால் போதும், தலை சுற்றும், குமட்டிக்கொண்டு வரும். முதல் கட்டத்து எதிரிக் கப்பல்கள் வந்து சேருவதற்குள் கையை எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர்தான் ஒசாகாவில், நிப்பொன்பாஷியில் இருக்கும் எங்கள் பழைய விளையாட்டுக் கடையில், இருபது வருஷத்துக்கும் மேலாக விண்வெளி விளையாட்டுகளுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தார். இதைச் சொல்லி நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. சாராயக் கடையில் கணக்கு எழுதுபவன் குடித்தாக வேண்டுமா என்று திருப்பிக் கேட்பார்.

என் பெயர் ஒகி. கடையின் வண்டியை ஓட்டுவது, பெட்டி தூக்குவது, யாரும் கேட்காத இடத்தில் கருத்துச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. வீடு வீடாகப் போய்ப் பழைய விளையாட்டுகளை வாங்கி வருவோம். விற்பவர்களில் பாதிப்பேர் மனைவிமார். கணவன் செத்திருப்பான், அல்லது ஓடிப்போயிருப்பான், அல்லது உயிரோடு பக்கத்து அறையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூன்றாவது வகை வீடுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கிஜிமா ஒல்லியான மனிதர். கோடையிலும் முழுக்கைச் சட்டை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; சலவைக் கடை ஒன்றின் மாடியில் குடியிருந்தார். காலையும் மாலையும் ரயிலடியில் நின்றபடியே ஒரு கிண்ணம் உதோன் நூடுல்ஸ் சாப்பிடுவார். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் முதலில் பெட்டியின் மூலைகளைப் பார்ப்பார், அப்புறம் முதுகு, அப்புறம் உள்ளே கைப்புத்தகம், அப்புறம் விளையாட்டுக் கம்பெனிக்கு நம் கருத்தை எழுதிப் போடச் சொல்லி உள்ளே வைத்திருப்பார்களே, அந்தத் தபால் அட்டை. கடைசியாகத்தான் விளையாட்டு, அதாவது கருவியில் செருகி ஆடுகிற அந்தப் பிளாஸ்டிக் கேசட். எங்கள் தொழிலில் அதுதான் வரிசை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பிரித்த அன்றே பெட்டியைக் கிழித்துப் போட்டார்கள். அதனால் விளையாட்டு எங்கும் கிடைக்கிறது, பெட்டி கிடைப்பதில்லை. காசு அந்த அட்டைப்பெட்டிக்குத்தான்.

அவர் சொன்ன விலை தப்பியது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதலாளி முகாய் கூடச் சில சமயம் வாடிக்கையாளரை ஏமாற்றப் பார்ப்பார். கிஜிமா பார்க்க மாட்டார். 'கிஜிமா சொன்னா சரி' என்பார்கள் சேகரிப்பவர்கள். அந்த மனிதருக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களில் நவாதா என்று ஒருவர். யாவோ ஊரில் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. போனஸ் வந்தால் ஒரு விளையாட்டு வாங்குவார், வராவிட்டால் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவார். விண்வெளிச் சண்டை தவிர வேறு எதையும் தொட மாட்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஹோஷிகுரே. நட்சத்திரத் தூறல் என்று சொல்லலாம். சின்னக் கம்பெனி ஒன்று அதை வெளியிட்ட கையோடு மூடிப்போனது, ஆகவே கொஞ்சம்தான் வெளியே வந்தது. கிஜிமா அவருக்காக அதைப் பல வருஷம் தேடி, கடைசியில் பெட்டி மூலை மழுங்காமல், தபால் அட்டை எழுதாமல், முழுசாக ஒன்று பிடித்துக் கொடுத்தார். அதை வாங்கிய நாளில் நவாதா கடை வாசலில் நின்று மூக்கைச் சிந்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் நவாதா வரும்போதெல்லாம் கிஜிமாவிடம் விளையாட்டைக் கதையாகச் சொல்வார். இரண்டாம் கட்டத்தில் உடைந்த நிலா வரும், மூன்றாவதில் திரை முழுக்கத் தூறல் போல வெள்ளைப் புள்ளி இறங்கும், எது நட்சத்திரம், எது குண்டு என்று தெரியாது. கிஜிமா ரசீது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு இரண்டாம் கட்டம் தெரிந்தது நவாதாவின் வாய்வழியாகத்தான்.

நவாதாவின் மனைவி மித்சுயோவுக்கு இதெல்லாம் குப்பை. வயசான ஆம்பளை பொம்மை வாங்குகிறான் என்று அக்கம்பக்கம் சிரிக்கும் என்று பயம். நவாதா அவளிடம் ஒரே பதில் வைத்திருந்தார். என் காலத்துக்குப் பிறகு அந்த ஒன்றை விற்று, ஒழுகுகிற குளியலறையை மாற்றிக்கொள், அப்போது நான் சொன்னது பொய்யா நிஜமா என்று தெரியும் என்பார். கிஜிமாவிடம், விலை போட நீங்கள்தான் வர வேண்டும், வேறு ஆள் வந்தால் என் பெண்டாட்டியை மொட்டையடித்துவிடுவான் என்று சொல்லி வைத்திருந்தார்.

போன வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் நவாதா போய்விட்டார். மீட்டர் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பு. மித்சுயோ கடைக்குப் போன் செய்தபோது எடுத்தது கிஜிமா. நான் பக்கத்தில்தான் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து பாருங்கள் என்று அவள் சொன்னாள் போலிருக்கிறது. கிஜிமா போனைப் பிடித்தபடியே குனிந்து குனிந்து அனுதாபம் சொன்னார். வைத்துவிட்டு, நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்துக்கொண்டார்.

எங்கள் கடையில் வழக்கமாகப் போனில் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. எதையும் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், இருக்கிறபடியே வைத்திருங்கள். அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. துக்க வீட்டில் வியாபாரம் பேசுவதா என்று கூச்சம். அது அப்போது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

நாங்கள் போன நாள் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கிஜிமா கறுப்பு டை கட்டி, ஊதுவத்திக் கட்டோடு வந்தார். மித்சுயோ சின்ன உருவம், விறைப்பாக உடுத்தியிருந்தாள். முதலில் நவாதாவின் படத்துக்கு முன் உட்கார்ந்து வத்தி ஏற்றிக் கும்பிட்டோம். படத்தில் நவாதா குடிநீர் வாரியத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது. அப்புறம் அவள் பக்கத்து அறையின் கதவை ஒதுக்கினாள்.

பாய் மேல் வெள்ளைத் துணி விரித்து, அதில் வரிசையாகப் புத்தம்புதுப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு விளையாட்டு, பெட்டி இல்லாமல், மொட்டையாக. டப்பா மேல் அழகான கையெழுத்தில் பெயர்ச் சீட்டு. ஒவ்வொரு விளையாட்டும் பளபளவென்று இருந்தது. அவ்வளவு பளபளப்பு இருக்கக் கூடாது.

"வர்றவங்க முன்னாடி அழுக்கா வைக்கக் கூடாதுல்ல," என்றாள். "காரியம் முடியற வரைக்கும் தினமும் உக்காந்து தொடச்சேன். மண்டி போட்டுப் போட்டு முட்டி போச்சு."

கிஜிமா ஹோஷிகுரேயை எடுத்தார். மேலே இருந்த படத்தை, பாத்திரத்துக் கறை எடுக்கிற வெள்ளை ஸ்பான்ஜால் தேய்த்திருந்தாள். படத்தில் வெள்ளி மையில் அச்சான தூறல் உண்டு. அது முழுக்கப் போய்விட்டது. கப்பல் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு நீலத் திட்டு. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெட்டிகள் எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த மக்கின அட்டைகளையா என்றாள் அவள். எல்லாவற்றையும் மடக்கி, சணல் போட்டு நான்கு பக்கமும் கட்டி, பழைய காகிதம் எடுக்கிற நாளில் தெருமுனையில் வைத்துவிட்டாளாம். கட்டு பிரியாமல் அவ்வளவு ஒழுங்காகக் கட்டியதற்கு வண்டிக்காரர் தலை குனிந்து நன்றி சொன்னாராம். தபால் அட்டைகளோ இன்னும் மோசம். கம்பெனிக்காரர்கள் கருத்துக் கேட்டிருக்கிறார்கள், இந்த மனிதர் இத்தனை வருஷமாகப் பதில் போடாமலேயே இருந்திருக்கிறார், போகும்போது இப்படி ஒரு பாக்கி வைத்துவிட்டுப் போகலாமா என்று, தானே எல்லாவற்றையும் நிரப்பி, தபால்தலை ஒட்டி, அனுப்பிவிட்டிருந்தாள். அதில் பாதிக் கம்பெனி இன்றைக்கு இல்லவே இல்லை.

இந்த ஊரைத் தவிர வேறெங்காவது இப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் மரியாதைக்குத் துடைத்தாள், இவர் மரியாதைக்குச் சொல்லாமல் விட்டார், இரண்டு மரியாதையும் சேர்ந்து நவாதாவின் ஆயுள் சேமிப்பை அரைத்து முடித்துவிட்டன.

மித்சுயோ எங்களுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, குளியலறை கிடக்கட்டும், எனக்குக் காசு பெரிசில்லை என்றாள். "அவர் சொன்னது நெஜமா, இல்ல என்னை வாயடைக்கச் சொன்னதா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுசனைத் திட்டிட்டே இருந்தேன்."

கிஜிமா பதில் சொல்வதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன். பெட்டி மட்டும் இருந்திருந்தால் என்று ஆரம்பித்ததும் அவர் என் பக்கம் திரும்பாமலே, "ஒகி, வண்டிலேர்ந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்துட்டு வா," என்றார். வண்டியில் எந்த அட்டைப்பெட்டியும் இல்லை. போய் மழையில் நின்றுவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது அவர் பாயில் நெற்றி படக் குனிந்திருந்தார். மித்சுயோவின் முகம் வெளுத்திருந்தது. நவாதா சொன்னது பொய்யில்லை, அவர் வாங்கியபோது அந்த விலை இருந்தது, இப்போது சந்தை விழுந்துவிட்டது, விழப்போகிறது என்று கணித்து முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது என் வேலை, நான் தவறிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பெட்டியில்லாத மொட்டை விளையாட்டுக்குக் கடையில் என்ன விலையோ அதைச் சொன்னார். அதில் குளியலறைக் குழாய் கூட வராது.

"அவரு உங்களை எவ்வளவு நம்புனாரு தெரியுமா?" என்றாள் அவள். "சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி கிஜிமா கிஜிமான்னு உங்க பேருதான். நீங்க அவரை முட்டாளாக்கிட்டீங்க."

கிஜிமா ஆமாங்க என்றார். காசை எண்ணி அவள் முன்னால் வைத்தார்; டப்பாக்களை நான் வண்டியில் ஏற்றினேன்.

வண்டியில் நான் கத்தினேன். சந்தை எங்கே விழுந்தது, போன வாரத்தைவிட ஏறித்தான் இருக்கிறது, இது பச்சைப் பொய் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, போனில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது யார் என்று கேட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வண்டியிலும் தலை சுற்றும்.

மித்சுயோ சும்மா இருக்கவில்லை. விளையாட்டு சேகரிக்கிற நவாதாவின் கூட்டாளிகள் மாதம் ஒருமுறை கூடுவார்கள்; அங்கே போய்ச் சொல்லிவிட்டாள். கிஜிமா விலை ஏற்றி விற்று, விழுந்த பிறகு அடிமாட்டு விலைக்குத் திருப்பி வாங்கிக்கொண்டான் என்று அது மாறி, இன்னும் நாலு பேர் வாயில் விழுந்து, கடைசியில் திருடன் என்று ஆகிவிட்டது. 'கிஜிமா சொன்னா சரி' என்ற பேச்சு ஒரே கோடையில் காணாமல் போனது. சேகரிப்பவர்கள் வேறு ஆளை அனுப்பச் சொன்னார்கள். முகாய் அவரை விலை போடுகிற மேசையிலிருந்து எடுத்து, பின்னறையில் பொட்டலம் கட்ட வைத்தார். கிஜிமா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா ஒட்டினார். நன்றாக ஒட்டினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் பலதடவை கேட்டுவிட்டேன், போய் உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று. களைப்பாக இருக்கிறது ஒகி என்பார். எப்போது கேட்டாலும் அதே பதில். அவரைப் பார்த்தால் அது பொய் என்றும் சொல்ல முடியாது. அவரது உதோன் அரைக் கிண்ணமாகக் குறைந்திருந்தது. நவாதாவின் ஹோஷிகுரேயை யாரும் வாங்கமாட்டார்கள் என்று முகாய் வாசலில் இருக்கும் உடைசல் கூடையில் போடச் சொன்னார். கிஜிமா போடவில்லை. பொட்டல மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

வருஷக் கடைசியில் வகாயாமா பக்கம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு ஹோஷிகுரே வந்தது. பெட்டி, கைப்புத்தகம், வெற்றுத் தபால் அட்டை எல்லாம் உண்டு. பெட்டியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. முகாய் அதைக் கண்ணாடி அலமாரியின் நடுவில் விளக்குக்குக் கீழே வைத்து, மூன்று லட்சத்து எண்பதாயிரம் யென் என்று எழுதினார். பெட்டியோடு என்று சிவப்பில் அடிக்கோடு வேறு. கிஜிமா, வாசலிலிருந்து தெரியாத இடத்தில் வைக்கலாமே என்று ஒருதடவை சொல்லிப் பார்த்தார். முகாய்க்குக் காது கேட்கவில்லை.

அந்த வாரமே மித்சுயோ வந்தாள். அவளை நான்தான் முதலில் பார்த்தேன். கைப்பையிலிருந்து ஹோஷிகுரேயின் தபால் அட்டையை எடுத்து, இது உங்கள் பொருளோடு சேர்ந்தது, எப்போதோ திரும்பி வந்திருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது, வைத்துக்கொண்டால் சரியில்லை என்று நீட்டினாள். அட்டையில் 'முகவரியில் இல்லை' என்று தபால்காரர் முத்திரை. கீழே, எது பிடித்தது என்ற கேள்விக்கு அவள் கையெழுத்து: 'என் கணவர் இதை மிகவும் விரும்பினார். நன்றி.'

கிஜிமா பின்னறையிலிருந்து வந்து அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், இதற்கு விலை ஏதாவது உண்டா என்று கடுப்பாகக் கேட்டாள்.

"எழுதாம இருந்திருந்தா உண்டுங்க," என்றார் அவர்.

"எழுதிட்டேனே."

"ஆமாங்க."

அவள் திரும்பினாள். திரும்பிய இடத்தில் கண்ணாடி அலமாரி இருந்தது. வெற்று அட்டை, பெட்டி, விலை, சிவப்புக் கோடு. அவள் படிக்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது. கடையில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டுச் சத்தத்தை நான் போய் அணைத்தேன்.

"அவரோட பெட்டியும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள்.

"இதைவிட நல்லா இருந்துச்சு. மூலை நசுங்கல."

அவள் விலையை இன்னொருதடவை படித்தாள். அப்புறம் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் முக்காலியில் உட்கார்ந்தாள். அப்படியென்றால் அவர் சொன்னது நிஜம் என்றாள், கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. நிஜம்தான் என்றார் கிஜிமா. அவள் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா, வேறேதாவதா, எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"ஏன் அன்னைக்குச் சொல்லல?" என்று கேட்டாள். "திருடன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேனே."

கிஜிமா அட்டையைப் பார்த்துக்கொண்டே, "முட்டி போச்சுன்னு சொன்னீங்க," என்றார். "அவ்வளவு தொடச்சிருந்தீங்க. அதோட, நீங்க போன் பண்ணப்பவே நான் சொல்லியிருக்கணும். கூச்சப்பட்டுட்டேன்."

அவள் கைக்குட்டையை நான்காக மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள். எழுந்து நின்றபோது பழைய விறைப்பு வந்திருந்தது.

"அடுத்து போன் பண்றவ வீட்டுலயாவது கூச்சப்படாதீங்க, கிஜிமா-சான்."

அவள் மறுவாரமே இனிப்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நவாதாவின் கூட்டாளிகள் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டாள் என்று கேள்வி. சிலர் நம்பினார்கள். சிலர் இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். போன அந்த 'கிஜிமா சொன்னா சரி' முழுசாகத் திரும்பவில்லை, திரும்பாது. முகாய் அவரைப் பாதி நாள் விலை மேசையிலும் பாதி நாள் பொட்டலத்திலும் உட்கார வைத்திருக்கிறார். கிஜிமா, தான் உயர்ந்ததும் இல்லை, விழுந்ததும் இல்லை என்கிற மாதிரி இரண்டையும் ஒரே முகத்தோடு செய்கிறார். இழுப்பறையில் அந்த வெளிறிய ஹோஷிகுரேயும், அதன் மேல் மித்சுயோவின் அட்டையும் இருக்கின்றன. விலைச் சீட்டு இல்லை.

நேற்று மதியம் போன் வந்தது. சாகாய் ஊரிலிருந்து ஒரு பெண், கணவர் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை போலிருக்கிறது, பேச்சுக்கு நடுவில் அழுகிறாள், எனக்கே கேட்கிறது. கிஜிமா எழுந்து நின்று, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்தார். அனுதாபம் சொல்லவில்லை.

"மன்னிக்கணும், இந்த நேரத்துல இதைச் சொல்றேன்," என்றார். "எதையும் தொடச்சுடாதீங்க. அழுக்கோட இருக்கட்டும். நாங்க அழுக்கைப் பார்க்கத்தான் வர்றோம்."